எந்த எண்ணில் நிற்கும்? தொடக்க அடர்த்தி, ஈஸ்ட், முடிவு அடர்த்தி

வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களைப் படுத்தி எடுக்கும் கேள்வி ஒன்று உண்டு: நொதித்தல் முடிந்துவிட்டதா, பாதியில் நின்றுவிட்டதா? ஏர்லாக்கில் குமிழி அடங்கிவிட்டது. ஹைட்ரோமீட்டரைப் போட்டுப் பார்த்தால் 1.020. நேற்றும் 1.020, முந்தாநாளும் 1.020. கிட்டோடு வந்த காகிதத்திலோ 1.010 என்று அச்சிட்டிருக்கிறது. உடனே வாளியை உலுக்குகிறார்கள், இன்னொரு பாக்கெட் ஈஸ்டைக் கொட்டுகிறார்கள், மூடியைத் திறந்து திறந்து பார்த்து உள்ளே காற்றை விடுகிறார்கள். நல்ல பியர் கெடுவது பெரும்பாலும் இந்தப் பதற்றத்தில்தான்.

1.020 ஒரு பியருக்கு முறையான முடிவு, இன்னொன்றுக்குப் பாதி வழி. எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எது என்று சொல்ல முடியாது. எங்கே தொடங்கியது, உள்ளே என்னென்ன சர்க்கரை இருந்தது, எந்த ஈஸ்ட் போட்டீர்கள் என்ற மூன்றும் தெரிய வேண்டும். ஆகவே இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான். ஈஸ்டைத் தூவுவதற்கு முன்பே இந்தப் பியர் எந்த எண்ணில் நிற்கும் என்று கணக்குப் போட்டு, நோட்டில் எழுதி வையுங்கள். அப்படி எழுதி வைத்தவருக்கு 1.020 ஒரு விடை. எழுதாதவருக்கு அது ஒரு கவலை.

அளவுகோல்

பால் கொள்முதல் செய்யும் இடத்தில் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார்களே, ஹைட்ரோமீட்டரும் அதே வேலையைத்தான் செய்கிறது. திரவம் கனமாக இருந்தால் மேலே தூக்கும், லேசாக இருந்தால் உள்ளே இறங்கும். வெறும் தண்ணீரில் 1.000 காட்டும். வோர்ட் என்கிற மால்ட் சாறு 1.050 காட்டினால், அதே அளவு தண்ணீரைவிட அது நூற்றுக்கு ஐந்து பங்கு கனம் என்று பொருள். அந்தக் கூடுதல் கனம் முழுக்கக் கரைந்திருக்கும் சர்க்கரையும் அதன் உறவுக்காரப் பொருள்களும்தான். கணக்கு வசதிக்கு 1.050-ஐ 50 புள்ளி என்போம். ஈஸ்ட் போடுவதற்கு முன் எடுக்கும் அளவு தொடக்க அடர்த்தி, சுருக்கமாக ஓஜி. எல்லாம் அடங்கிய பின் எடுப்பது முடிவு அடர்த்தி, எஃப்ஜி. சில ஹைட்ரோமீட்டர்களில் பிளேட்டோ டிகிரியும் இருக்கும். ஒரு டிகிரி ஏறக்குறைய நான்கு புள்ளி. 12 டிகிரி என்றால் 1.048.

இந்த முதல் அளவுக்கு ஒரு காலத்தில் அரசாங்கமே காவல் நின்றது. பிரிட்டனில் 1880-இல் பிரதமர் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த முறைப்படி, பியருக்கான வரி நொதித்த பியரின் மேல் இல்லை, நொதிக்காத வோர்ட்டின் அடர்த்தியின் மேல். 1993 வரை இதுதான் அடிப்படை. வீட்டில் காய்ச்சுவதற்கு இருந்த உரிமக் கட்டுப்பாட்டை 1963-இல் நீக்கினார்கள். (தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் காய்ச்சுவது இன்றும் குற்றம். இந்நூல், அதற்கு அனுமதி உள்ள நாடுகளில் வாழ்கிறவர்களுக்கானது.) வரி அதிகாரி போய்விட்டாலும் ஓஜி எடுக்கும் பழக்கம் போகக் கூடாது. அது இல்லாமல் எஃப்ஜிக்குப் பொருளே இல்லை.

அளவெடுப்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். நொதிப்பு வாளியின் குழாயிலிருந்து உயரமான கண்ணாடிக் குழலில் பியரைப் பிடியுங்கள். புதுப் பியரில் கரியமில வாயு நிறைந்திருக்கும். அந்தக் குமிழிகள் ஹைட்ரோமீட்டரின் குண்டில் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கிவிடும்; இரண்டு மூன்று புள்ளி கூடக் காட்டும். ஆகவே இரண்டு டம்ளர்களுக்கிடையே நாலைந்து தடவை ஆற்றி, நுரை அடங்கிய பிறகு குழலில் ஊற்றுங்கள். ஹைட்ரோமீட்டரை விட்டு, தலையைப் பிடித்து லேசாகச் சுழற்றி விடுங்கள். ஒட்டியிருக்கும் மிச்சக் குமிழிகளும் உதிரும். குழலின் சுவரைத் தொடாமல் அது நின்றதும், கண்ணைத் திரவ மட்டத்துக்குக் கொண்டுவந்து படியுங்கள். கண்ணாடியை ஒட்டித் திரவம் சற்று ஏறி வளைந்திருக்கும். அந்த விளிம்பை விட்டுவிட்டு, வளைவின் அடிமட்டத்தைப் பாருங்கள். பெரும்பாலான கருவிகள் 20 டிகிரி செல்சியஸுக்கு அளவிடப்பட்டவை. வோர்ட் 30 டிகிரியில் இருந்தால் படித்ததோடு இரண்டரைப் புள்ளி கூட்ட வேண்டும். அதற்குமேல் சூடாக இருந்தால் திருத்தம் பார்ப்பதைவிட ஆறவிடுவதே நல்லது. அளந்த பியரை வாளிக்குத் திருப்பி ஊற்றாதீர்கள். ருசி பாருங்கள், எண் சொல்லாததை நாக்கு சொல்லும்.

ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். ஓஜி எடுக்க அது அருமையான கருவி, இரண்டு சொட்டுப் போதும். ஆனால் ஆல்கஹால் கலந்தபின் அது பொய் சொல்லும். உண்மையில் 1.012-இல் முடிந்துவிட்ட பியரில் அது தன் அளவுகோலான பிரிக்ஸில் 6-க்கு மேல் காட்டும். அதை நேரடியாக மாற்றினால் 1.025 வரும். ‘நின்றுபோன’ பியர்கள் பலவற்றுக்கு நோய் இந்தக் கருவியில்தான்.

விகிதம்

ஈஸ்ட் குறிப்பிட்ட இத்தனை புள்ளி தின்னும் என்று கணக்கில்லை. இருப்பதில் இத்தனை பங்கு தின்னும் என்பதே கணக்கு. அந்தப் பங்குக்குத்தான் அட்டெனுவேஷன் என்று பெயர். தொடக்கப் புள்ளியிலிருந்து முடிவுப் புள்ளியைக் கழித்து, தொடக்கப் புள்ளியால் வகுத்தால் வந்துவிடும். 1.050-இல் தொடங்கி 1.012-இல் நின்றால் 38 புள்ளி போயிருக்கிறது. 38-ஐ 50-ஆல் வகுக்க, 76%.

இதைத் திருப்பிப் போட்டால்தான் நமக்குப் பயன். ஒரு ஈஸ்ட் 75% தின்னும் என்று வையுங்கள். 1.040-இல் தொடங்கினால் 1.010-இல் நிற்கும். 1.060 என்றால் 1.015. 1.080 என்றால் 1.020. 1.100 என்றால் 1.025. ஈஸ்ட் ஒன்றுதான், அதன் உழைப்பும் ஒன்றுதான். தொடங்கிய இடம் ஏற ஏற நிற்கும் இடமும் ஏறுகிறது. எல்லாப் பியரும் 1.010-க்கு வர வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததென்றால், எல்லாருடைய முதல் பியரும் 1.040 பக்கத்தில் தொடங்குவதால்தான்.

ஆல்கஹால் அளவும் இதே எண்களில் இருக்கிறது. ஓஜியிலிருந்து எஃப்ஜியைக் கழித்து 131.25-ஆல் பெருக்குங்கள். 1.050-க்கும் 1.012-க்கும் இடையே 0.038, பெருக்கினால் 5%. பின்னோக்கியும் போகலாம். இலங்கையின் லயன் ஸ்டவுட் 8.8%. அவ்வளவு ஆல்கஹால் வர வேண்டுமென்றால் ஏறக்குறைய 67 புள்ளி கரைந்திருக்க வேண்டும். வீட்டில் அந்த வலுவுக்கு ஒரு ஸ்டவுட் காய்ச்ச நினைத்து, உங்கள் ஈஸ்ட் 78% தின்னும் என்றால், தொடக்கம் 1.086-ஆவது இருக்க வேண்டும், முடிவு 1.019-ஐ ஒட்டி வரும். அந்த 19 புள்ளி குறையல்ல. அவ்வளவு ஆல்கஹாலையும் கருக்கின் கசப்பையும் தாங்கி நிறுத்தும் உடம்பு அதுதான்.

ஒரு நுட்பம் சொல்ல வேண்டும். ஹைட்ரோமீட்டர் காட்டும் 76% தோற்றக் கணக்கு. ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது. அது கலந்தவுடன் ஹைட்ரோமீட்டர் கூடுதலாக இறங்குகிறது. உண்மையில் தின்னப்பட்டது சுமார் 62% மட்டுமே. உலர்ந்த சைடர் 1.000-க்குக் கீழே போவதும் இதனால்தான். ஈஸ்ட் பாக்கெட்டில் போட்டிருப்பதும் தோற்றக் கணக்கு என்பதால், நாம் அதையே பிடித்துக்கொண்டு போனால் குழப்பமில்லை.

பாக்கெட்டின் எண்

வோர்ட்டில் உள்ள சர்க்கரைகளில் பாதியளவு மால்டோஸ். இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த இதை எல்லா பியர் ஈஸ்டும் தின்னும். குளுக்கோஸும் சுக்ரோஸும் கொஞ்சம் இருக்கும், அவை முதல் நாளே காலி. மூன்று குளுக்கோஸ் சேர்ந்த மால்டோட்ரையோஸ் எட்டில் ஒரு பங்கு போல இருக்கும். ஈஸ்டுக்கு ஈஸ்ட் வேறுபாடு பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. அதற்கும் நீளமான சங்கிலிகள் டெக்ஸ்ட்ரின்கள், நாலில் ஒரு பங்குவரை இருக்கும். சாதாரண ஈஸ்ட் அவற்றைத் தொடாது.

விண்ட்சர் என்ற ஆங்கிலேய உலர் ஈஸ்டுக்கு மால்டோட்ரையோஸ் ஆகாது. ஆகவே 70% பக்கம் நின்றுவிடும். 50 புள்ளி வோர்ட்டை 15-இல் விடும். அமெரிக்கப் பேல் ஏல்களுக்குப் பழகிய யுஎஸ்-05 அதையும் தின்று 80% வரை போகும். அதே வோர்ட் 10-க்கு வரும். பெல் சைசான் டெக்ஸ்ட்ரினையும் வெட்டித் தின்னும் என்சைமைத் தானே சுரக்கும். 90% சாதாரணம், அதே வோர்ட் 5-க்கு இறங்கும். ஒரே அடுப்பில் ஒரே நாளில் காய்ச்சியதை மூன்று வாளியில் பிரித்து இந்த மூன்றையும் போட்டுப் பாருங்கள். விண்ட்சர் வாளி வாய் நிறைய மால்ட்டோடு வரும், சைசான் வாளி எலும்பாக உலர்ந்து வரும். இந்த அத்தியாயத்தை நாக்கால் படிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பாக்கெட்டின் எண்ணை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது நிறுவனம் தன் சோதனை வோர்ட்டில் பார்த்த எண். ஈஸ்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட அது உதவும். உங்கள் வோர்ட் எங்கே நிற்கும் என்பதை உங்கள் வோர்ட்டும் சேர்ந்து தீர்மானிக்கிறது.

வோர்ட்டின் பங்கு

தானியம் ஊறவைத்துக் காய்ச்சுகிறவர்கள் கையில் இருக்கும் பெரிய திருகு, மாஷ் என்கிற அந்த ஊறலின் வெப்பநிலை. மாவுச் சங்கிலியின் நுனியிலிருந்து மால்டோஸ் மால்டோஸாக நறுக்கும் என்சைமுக்கு 60 முதல் 65 டிகிரி பிடிக்கும். அதற்கு மேல் அது விரைவில் செயலிழக்கும். சங்கிலியை நடுவில் கண்டபடி வெட்டும் இன்னொரு என்சைம் 70 டிகிரியிலும் தாக்குப்பிடிக்கும். ஆகவே 65-இல் ஊறிய வோர்ட் ஈஸ்டுக்கு விருந்து. 69, 70-இல் ஊறியதில் டெக்ஸ்ட்ரின் மிஞ்சும். 1.050 வோர்ட்டில் இது மூன்று நான்கு புள்ளி வித்தியாசம். அதாவது, ஈஸ்டை மாற்றுவதற்குச் சமமான மாற்றம். தெர்மாமீட்டர் இரண்டு டிகிரி தப்பாக இருந்தால் உங்கள் எஃப்ஜி வருஷம் முழுக்கத் தப்பாக வரும். கொதிக்கும் நீரிலும் உருகும் பனிக்கட்டியிலும் அதைச் சோதியுங்கள்.

மால்ட் எக்ஸ்ட்ராக்ட்டில் காய்ச்சுகிறவர்களுக்கு இந்தத் திருகு கையில் இல்லை, தொழிற்சாலையிலேயே திருகிவிட்டார்கள். கறுப்பு எக்ஸ்ட்ராக்ட் பொதுவாக வெளிறியதைவிட முன்னாலேயே நின்றுவிடும். கிரிஸ்டல் மால்ட், வறுத்த மால்ட் கூடினாலும் இரண்டொரு புள்ளி மிஞ்சும்.

சர்க்கரையும் லாக்டோஸும் கணக்கைக் கவிழ்த்துவிடும், எதிரெதிர்த் திசையில். ஸ்கார்பரோவில் இருக்கும் ஒரு தம்பி தன் மில்க் ஸ்டவுட்டைப் பற்றி ஃபோனில் கேட்டான்.

“அண்ணை, பத்து நாளா 1.025-இலயே நிக்குது. ஈஸ்ட் செத்துப்போச்சோ?”

“தொடக்கம் எவ்வளவு?”

“1.068. இருவது லிட்டர்.”

“லாக்டோஸ் எவ்வளவு போட்டனீர்?”

“அரைக் கிலோ.”

கணக்கு இதுதான். ஒரு கிலோ சர்க்கரையோ லாக்டோஸோ 20 லிட்டரில் 19 புள்ளி தரும். அரைக் கிலோ, ஏறத்தாழ 10. பியர் ஈஸ்ட் லாக்டோஸைத் தொடவே தொடாது. முதல் நாள் இருந்த 10 கடைசிவரை இருக்கும். மிச்சம் 58 புள்ளிதான் மால்ட்டிலிருந்து வந்தது. கறுத்த மால்ட் நிறைந்த ஸ்டவுட் என்பதால் 74% என்று வைத்தால் 15 மிஞ்சும். பதினைந்தும் பத்தும் இருபத்தைந்து. அந்தப் பியர் முடிந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. மொத்தத்தை வைத்துப் பார்த்தால் 63% மாதிரித் தெரிந்ததால் ஈஸ்ட்மேல் பழி விழுந்தது.

சர்க்கரை இதற்கு நேர்மாறு. பெல்ஜியத்தின் வெஸ்ட்மாலே மடத்தின் டிரிப்பெல் 9.5%, ஆனாலும் குடிக்கும்போது கனமே தெரியாது; சர்க்கரை சேர்ப்பதன் பயன் அது. அதுபோல ஒன்றை வீட்டில் 20 லிட்டர் காய்ச்சுகிறீர்கள், தொடக்கம் 1.080, அதில் 800 கிராம் சர்க்கரை தந்தது 15. மால்ட்டின் 65 புள்ளியில் ஈஸ்ட் 78% தின்றால் 14 மிஞ்சும். சர்க்கரை ஒரு துளி மிச்சமில்லாமல் தீர்வதோடு, அதிலிருந்து வந்த ஆல்கஹால் ஹைட்ரோமீட்டரை மேலும் மூன்று புள்ளி கீழே இழுக்கும். ஆக 1.011 பக்கம் நிற்கும். முழுக்க மால்ட்டாக இருந்தால் 1.018. ஏழு புள்ளி வித்தியாசத்தைச் சர்க்கரை செய்திருக்கிறது. ஈஸ்ட் மாறவில்லை.

கனமான வோர்ட்

விகிதக் கணக்கு 1.070 வரை நன்றாக ஓடும். அதற்கு மேல் ஓஜியே ஈஸ்டின் கையைக் கட்டத் தொடங்கும். தொடக்கத்தில் சர்க்கரையின் அழுத்தம் செல்லிலிருந்து நீரை உறிஞ்சுகிறது. இறுதியில் ஆல்கஹால் விஷமாகிறது. கனமான வோர்ட்டில் ஆக்சிஜனும் குறைவாகக் கரையும். ஆனால் செல் சவ்வைக் கட்டும் ஸ்டெரால்களுக்கு ஈஸ்டுக்கு முதல் நாள் ஆக்சிஜன் தேவை. 1.100 வோர்ட் கணக்குப்படி 1.025-க்கு வராமல் 1.035-இல் முடங்கினால், அது உண்மையிலேயே நின்றுபோனது.

தடுக்கும் வழி ஈஸ்டின் எண்ணிக்கையில் இருக்கிறது. ஏல்களுக்குப் பரவலாகக் கைக்கொள்ளும் கணக்கு, ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு பிளேட்டோ டிகிரிக்கு ஏழரை லட்சம் செல். 20 லிட்டர், 12 டிகிரி என்றால் 18,000 கோடி. 24 டிகிரி என்றால் 36,000 கோடி. லாகருக்கு இதைப் போல இரு மடங்கு. ஆகவே வலுவான பியருக்கு ஒரு பாக்கெட்டுக்கு இரண்டாகப் போடுங்கள். அல்லது முதலில் 1.040-இல் ஒரு சிறிய பியர் காய்ச்சி, அதன் அடியில் படிந்த ஈஸ்டை வலுவான பியருக்குக் கொடுங்கள். நான் இரண்டாவதையே விரும்புகிறேன். செலவும் குறைவு, ஈஸ்டும் விழிப்போடு இருக்கும். சர்க்கரை சேர்ப்பதாக இருந்தால் முதலிலேயே கொட்டாமல், மூன்றாம் நாள் கரைத்து ஊற்றுங்கள்.

எல்லையைச் சோதித்தல்

இவ்வளவு கணக்குக்குப் பிறகும் சந்தேகம் வரும். அதற்குச் சோதனை இருக்கிறது, பெரிய மதுவாலைகளும் செய்வதுதான். காய்ச்சிய அன்றே, ஈஸ்ட் போட்டபின், 300 மில்லி வோர்ட்டைச் சுத்தமான பாட்டிலில் தனியே எடுங்கள். அதில் மேலும் ஒரு தேக்கரண்டி உலர் ஈஸ்டைப் போடுங்கள். அதே ரகமாக இருக்க வேண்டும். வாயை அலுமினியத் தாளால் தளர்வாக மூடி, 25 டிகிரிக்குக் குறையாத இடத்தில் வையுங்கள். கடந்துபோகும்போதெல்லாம் ஒருமுறை சுழற்றி விடுங்கள். பெரிய வாளி இரண்டு வாரத்தில் செய்வதை இது இரண்டு மூன்று நாளில் முடித்துவிடும். ஈஸ்ட் அடியில் படிந்தபின் தெளிவை ஊற்றி, வாயு போக ஆற்றி, அளந்து பாருங்கள். இதன் எண்தான் அந்த வோர்ட்டின் எல்லை. வாளி அதற்கு ஒன்றிரண்டு புள்ளி மேலே நின்றால் முடிந்தது. ஐந்தாறு புள்ளி மேலே நின்றால் நின்றுபோனது. அப்போது 20, 22 டிகிரிக்குச் சூடேற்றி, படிந்த ஈஸ்டை வாளியோடு மெல்லச் சுழற்றி எழுப்புங்கள். மூடியைத் திறக்க வேண்டாம். பெல்ஜியத்தின் டுபான்ட் மதுவாலை வழி வந்த சைசான் ஈஸ்ட் 1.035 பக்கம் வந்து பல நாள் அசையாமல் நிற்கும். அதற்கு 30 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், பொறுமையும் வேண்டும்.

பாட்டிலில் அடைக்கும் முன்

தப்பான எஃப்ஜி ருசியோடு நின்றுவிடுவதில்லை, கண்ணையும் கையையும் காயப்படுத்தும். பாட்டிலுக்குள் ஒவ்வொரு புள்ளி இறங்கும்போதும் பியரில் சுமார் அரைப் பங்கு கன அளவு வாயு சேரும். சாதாரண ஏலுக்கு இரண்டு, இரண்டரைப் பங்கு வாயுதான் வேண்டும். அதற்காகத்தான் லிட்டருக்கு ஐந்தாறு கிராம் சர்க்கரை போடுகிறோம். பியர் எல்லைக்கு நாலு புள்ளி மேலே இருக்கும்போதே அடைத்தால் இன்னும் இரண்டு பங்கு சேரும். நாலரைப் பங்கு வாயு சாதாரண பியர் பாட்டிலுக்குத் தாங்காது. மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகள் ஒன்றாக இருந்து, அவை நீங்கள் எழுதி வைத்த எண்ணையும் சோதனைப் பாட்டிலின் எண்ணையும் ஒட்டி இருந்தால் மட்டும் அடையுங்கள்.

டெக்ஸ்ட்ரின் தின்னும் சைசான் ஈஸ்டுகளில் இன்னும் கவனம் வேண்டும். அவை நாளுக்குக் கால் புள்ளி, அரைப் புள்ளி என்று வாரக்கணக்கில் இறங்கும். மூன்று நாளில் ஹைட்ரோமீட்டருக்கு அது தெரியாது. ஒரு வாரம் விட்டு அளந்து பாருங்கள். தடித்த ஷாம்பெய்ன் பாட்டிலில் அடையுங்கள். அந்த ஈஸ்ட் ஓடிய பிளாஸ்டிக் குழாய், குழாய்த்திருகு, ரப்பர் வளையம் எல்லாவற்றுக்கும் ஒரு வண்ண டேப் ஒட்டித் தனி டப்பாவில் வையுங்கள். கீறலில் ஒளிந்த சில செல்கள் போதும், 1.016-இல் அழகாக முடிந்த அடுத்த ஸ்டவுட்டைப் பாட்டிலுக்குள் மறுபடி நொதிக்கச் செய்துவிடும்.